பேண்ட் சைஸ் 32... இடுப்பு 36!

"காய்ச்சல் சர்ட்டிபிகேட் ஒண்ணு வேணும் டாக்டர்..."

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு சாயங்கால நேரம். வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள். உள்ளே வந்தது ஓர் அம்மாவும் அவர் மகனும். பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். மூன்று நாள் காய்ச்சலில் ஊருக்கு வந்துவிட்டான். அட்டெண்டன்ஸ் இடிக்கிறது. தொண்டையைப் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன், சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த அம்மா, "இவன் ஹாஸ்டல்ல ஒழுங்காக் குளிக்கறதே இல்லை போலிருக்கு டாக்டர். பின்கழுத்தைப் பாருங்க, எவ்வளவு அழுக்கு! நானும் தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன், போக மாட்டேங்குது" என்றார்.

பையன் வெட்கத்தோடு நெளிந்தான். நானும் சிரித்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்று மணியை அடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே அம்மா, அதே பையன். இந்த முறை கையில் ஒரு லேப் ரிப்போர்ட். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனிக்காக எடுத்த மெடிக்கல் டெஸ்டில் வெறும் வயிற்று சர்க்கரை 118. ட்ரைகிளிசரைட் 260. நல்ல கொழுப்பு என்கிறோமே, அந்த எச்.டி.எல். வெறும் 34. ரத்த அழுத்தம் 136/88. வயது 21!

அந்த அம்மா சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "அன்னிக்கு நான் கழுத்தைக் காட்டினேனே டாக்டர்... அப்பவே இது தெரிஞ்சிருக்காதா?"

தெரிந்திருக்கும். கட்டாயம் தெரிந்திருக்கும். ஓர் இஞ்ச் டேப்பும் ஒரு ரத்தப் பரிசோதனையும் போதுமாக இருந்தது. நான்தான் செய்யவில்லை.

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி கறுத்து, தடித்துப் போகிற தோலுக்கு 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர். அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுற்றிக்கொண்டிருந்தால், அது தோலின் செல்களைத் தூண்டிவிட்டு இப்படி வளரச் செய்கிறது. நார் போட்டுத் தேய்த்தால் புண்தான் ஆகும். கழுத்து கறுத்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை நோய் என்று பயந்துவிட வேண்டாம். ஆனால், 'உள்ளே என்ன நடக்கிறது, கொஞ்சம் பாருங்கள்' என்று உடம்பு எழுதி ஒட்டியிருக்கிற நோட்டீஸ் அது. 

ஐந்தில் மூன்று

பையனுக்கு இருந்ததன் பெயர் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்'. இது தனி நோய் அல்ல. ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வருகிற கோளாறுகளின் கூட்டணி. 1988-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜெரால்ட் ரீவன் ஒரு சொற்பொழிவில், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு எல்லாம் ஏன் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன என்று கேட்டு, அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்சுலின் இருந்தும் அது சொல்வதை உடம்பு கேட்காமல் போவதுதான் இதற்கு வேர் என்றார்.

பல நாட்டு மருத்துவ அமைப்புகள் 2009-ல் சேர்ந்து ஒத்துக்கொண்ட கணக்கு இது. இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைட் 150, அல்லது அதற்கு மேல். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்குக் கீழே, பெண்களுக்கு 50-க்குக் கீழே. ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130-ஐத் தொட்டாலும் சரி, கீழ் எண் 85-ஐத் தொட்டாலும் சரி. வெறும் வயிற்று சர்க்கரை 100, அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் எந்த மூன்று இருந்தாலும் மெட்டபாலிக் சிண்ட்ரோம்தான். நம் பையன் ஐந்துக்கு ஐந்து எடுத்திருந்தான்.

"இடுப்பு எப்படி டாக்டர் 90 இருக்கும்? நான் 32 சைஸ் பேண்ட்தானே போடறேன்?" என்றான்.

இந்தக் கேள்வியை நூறு பேரிடம் கேட்டிருக்கிறேன். பேண்ட் நிற்கிற இடம் வேறு, அளக்க வேண்டிய இடம் வேறு. தொப்பை வளர வளர, பேண்ட் அதற்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. சைஸ் மட்டும் மாறுவதே இல்லை! சட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப். இறுக்க வேண்டாம், எக்க வேண்டாம், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளவு எடுக்க வேண்டும். பையனுக்கு 36 அங்குலத்தைத் தாண்டியது. 92 செ.மீ.

இத்தனைக்கும் அவன் குண்டுப் பையன் இல்லை. 170 செ.மீ. உயரம், 68 கிலோ. கையும் காலும் ஒல்லி. பக்கத்து வீட்டு மாமி பார்த்தால் 'ஹாஸ்டல் சாப்பாட்டுல இளைச்சுப் போயிட்டான்' என்பார்.

ஒல்லியான குண்டர்கள்

இது நம் இந்திய உடம்பின் வில்லங்கம். புனே நகரின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் தங்கள் இருவரையுமே படம் எடுத்துப் போட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு, அதாவது பி.எம்.ஐ., இரண்டு பேருக்கும் அச்சு அசலாக 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம். நம்மவருக்கு 21.2 சதவிகிதம். இரண்டு மடங்குக்கும் மேல்!

கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். கிராமத்து வீட்டுக் குதிரை நினைத்துக்கொள்ளுங்கள். குதிர் பெரிதாக இருந்தால் நெல் எவ்வளவு வந்தாலும் உள்ளே அடங்கும். சின்னக் குதிர் என்றால் திண்ணையிலும் சமையலறையிலும் கொட்டிக் கிடக்கும், நடக்கக்கூட வழி இருக்காது. தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிற குதிர் நம்மில் பலருக்குச் சின்னது. மிஞ்சியது வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் போய்த் தேங்குகிறது. அங்கெல்லாம் கொழுப்பு அடைத்துக்கொண்டால் இன்சுலின் கதவைத் தட்டினாலும் செல்கள் திறப்பதில்லை. உடனே கணையம் என்ன செய்கிறது? இன்னும் இன்சுலினைச் சுரந்து ஓங்கித் தட்டுகிறது. அதனால் பல வருஷம் சர்க்கரை அளவு நார்மலாகவே காட்டும். உள்ளே கணையம் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கும். கொழுத்த கல்லீரல் ட்ரைகிளிசரைடை வாரி ரத்தத்தில் விடும். அது ஏற ஏற நல்ல கொழுப்பு இறங்கும். சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரஷர் ஏறும். ஒரு நாள் கணையம் களைத்துப்போய் உட்காரும்போதுதான், 'திடீர்னு சுகர் வந்துடுச்சு' என்று சொல்கிறோம். திடீரென்று வந்தது ரிப்போர்ட் மட்டும்தான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கும் மேல். அந்த வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். நம் பையன் இந்த இரண்டாவது வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தான். 126-ஐத் தொட்டால் முதல் வரிசை. அவனிடம் இருந்தது வெறும் எட்டு எண்.

கல்லூரியில் நான் கற்ற பாடம்

அந்தக் குற்ற உணர்ச்சியில், நானாகவே ஒரு கல்லூரிக்குப் போய் வகுப்பு எடுக்கிறேன் என்றேன். ஆடிட்டோரியத்தில் முந்நூறு பேர். அடைத்துப்போன ரத்தக் குழாய், வெட்டி எடுத்த கால் என்று படம் படமாகக் காட்டினேன். '50 வயதில் மாரடைப்பு!' என்று குரலை உயர்த்தினேன். பின் வரிசையில் செல்போன் வெளிச்சம். முன் வரிசையில் கொட்டாவி. கடைசியில், 'ஏதாவது சந்தேகம்?' என்றேன். ஒரு கை உயர்ந்தது. "சார், இதுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா?"

கோபப்பட்டுப் பயனில்லை. பத்தொன்பது வயதுக்காரனுக்கு 50 வயது என்பது வேறு யாருக்கோ வருகிற வயது.

1950-களில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறைக்கும் இதே தலைவலி இருந்தது. காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியைத் தெருவுக்கே அனுப்பினார்கள், ஆனாலும் மக்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்த மனோதத்துவ நிபுணர்கள் சொன்னது சுவையானது. 'இது எனக்கு வரலாம்' என்று ஆள் நம்ப வேண்டும். வந்தால் கஷ்டம் என்று நம்ப வேண்டும். செய்தால் பலன் உண்டு என்று தெரிய வேண்டும். செய்வதில் இருக்கிற இடைஞ்சல் குறைய வேண்டும். யாராவது, ஏதாவது ஒரு தூண்டுகோல் வேண்டும். 'என்னால் முடியும்' என்கிற தைரியத்தைப் பிற்பாடு இதில் சேர்த்தார்கள். நான் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறேன்!

அடுத்த முறை படமே காட்டவில்லை. ஒரு நூல்கண்டும் கத்தரிக்கோலும் கொண்டுபோனேன். நாற்பது நாற்பது பேராக வகுப்பு. மாணவிகளுக்குத் தனி அறை, அங்கே ஒரு நர்ஸம்மா. ஒவ்வொருவரும் தன் உயரத்துக்கு நூலை வெட்டிக்கொள்ள வேண்டும். அதைச் சரிபாதியாக மடித்து, சட்டைக்கு உள்ளே, முன்னே சொன்ன இடத்தில் வயிற்றைச் சுற்ற வேண்டும். முனை இரண்டும் தாராளமாகச் சேர்ந்தால் நல்லது. சேரவில்லை என்றால் இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் பெரியவர்களுக்குச் சொன்னதும் இதே பாதிக் கணக்குத்தான். யார் அளவையும் யாரும் படிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அறை அமைதியாகிவிட்டது. கையில் நூலோடு, முனைகள் நாலு விரல் தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அன்று அட்டெண்டன்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "சார், நைட் பரோட்டாவை விட்டுடணுமா?" என்றுதான் கேட்டார்கள்.

மெஸ்ஸும் மிட்நைட்டும்

நம் பையனுக்கும் நான் டயட் சார்ட் எதுவும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. 'நேத்து காலையிலிருந்து சொல்லு தம்பி' என்றேன். காலையில் எட்டரைக்கு எழுந்து டிபன் கட். பதினொரு மணிக்கு கான்டீனில் பப்ஸ், டீ. மத்தியானம் மெஸ்ஸில் சோறு மூன்று தடவை, உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் சமோசா, ஒரு பாட்டில் கோலா. ராத்திரி எட்டு மணிக்கு மெஸ் சப்பாத்தி பிடிக்காமல், பத்தரைக்கு நாலு பேர் சேர்ந்து பரோட்டா சால்னா. செல்போனில் ஆர்டர் போட்டால் ஒரு மணிக்கும் ஃப்ரைடு ரைஸ் வருகிற காலம் இது.

இதில் எல்லாவற்றையும் நிறுத்து என்றால் எதுவும் நிற்காது. முதல் மாதம் இரண்டே மாற்றம். கோலா கிடையாது. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஆறேழு ஸ்பூன். வீட்டில் யாராவது ஒரு டம்ளர் காபியில் ஏழு ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் துப்பிவிடுவான். அதே பையன் குளிர்ச்சியாக இருந்தால் குடித்துவிடுகிறான்! இரண்டாவது, காலை டிபன் கட்டாயம். இட்லி, பொங்கல் எதுவானாலும் சரி, கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கட்டும்.

அடுத்த மாதம் மத்தியானத் தட்டில் கை வைத்தோம். சோறு ஒரு கரண்டி குறைந்து, பொரியலும் சாம்பார்க் காயும் இரட்டிப்பாகின. மூன்றாவது தடவைச் சோற்றுக்குப் பதில் மோர். பதினொரு மணி பப்ஸுக்குப் பதில் வேர்க்கடலை. பரோட்டாவை நான் தடை செய்யவில்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு, கூடவே ஆம்லெட். தடை போட்டால் திருட்டுத்தனமாக ஆறு சாப்பிடுவான் என்று எனக்குத் தெரியும், நானும் ஹாஸ்டலில் இருந்தவன்தான்.

தாய்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹாஸ்டலுக்குக் கொடுத்தனுப்புகிற முறுக்கு டின்னும் அதிரச டப்பாவும் அன்பின் அடையாளம்தான். அடுத்த முறை அதில் பாதி டின்னில் பொட்டுக்கடலையும் வறுத்த கடலையும் நிரப்பி அனுப்புங்கள்.

நடை? வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சம். நாளைக்குச் சுமார் 20 நிமிஷம். தசை அசையும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிஷம் நடப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. கேர்ள் ஃப்ரெண்டோடு பேசுவதாக இருந்தால் நடந்துகொண்டே பேசு என்றேன். அம்மா முறைத்தார்.

அப்புறம் தூக்கம். இதைத்தான் பசங்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு நாள், ராத்திரிக்கு நாலு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. அந்த ஆறே நாளில் சர்க்கரையைக் கையாள்கிற சக்தி அவர்களுக்குக் கணிசமாகக் குறைந்துவிட்டது. செமஸ்டர் நேரத்தில் நம் பிள்ளைகள் இந்தப் பரிசோதனையைச் சொந்தச் செலவில் செய்துகொள்கிறார்கள்.

சிகரெட் நல்ல கொழுப்பைக் குறைக்கும், மது ட்ரைகிளிசரைடை ஏற்றும். அதை நீட்டி முழக்கப் போவதில்லை. பட்டினி கிடந்து பத்தே நாளில் இளைப்பது, முகம் தெரியாதவர் விற்கிற 'ஸ்லிம்' பொடி, இவை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாணவிகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா, கழுத்தும் கறுத்திருக்கிறதா... 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை, அதாவது பி.சி.ஓ.எஸ்., இருக்கலாம். அதற்கும் இன்சுலின் கோளாறுக்கும் நெருங்கிய உறவு. சர்க்கரையும் கொழுப்பும் பார்க்காமல் மாதவிலக்குக்கு மட்டும் மாத்திரை வாங்கிப் போகாதீர்கள்.

பலன் உண்டா?

உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவிகிதம் குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவிகிதம். அதே குழு 2013-ல் இன்னொன்று காட்டியது. அறிவுரையை ஒரு தடவை சொல்லி அனுப்பப்பட்ட ஆண்களில் 27 சதவிகிதம் பேருக்கு இரண்டு வருஷத்தில் சர்க்கரை வந்தது. செல்போனில் அவ்வப்போது குறுஞ்செய்தியும் அனுப்பி நினைவூட்டப்பட்டவர்களில் 18 சதவிகிதம்தான். அவர்கள் நம் மாணவர்களைவிட வயதில் மூத்தவர்கள் என்றாலும், அந்தத் தூண்டுகோலை நான் கடன் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பையனுக்கு ஒரே வரி அனுப்புவேன்: 'டேப் எவ்வளவு?'

டாக்டர் வி. மோகன் குழு சென்னையில் உருவாக்கிய ஒரு மதிப்பெண் கணக்கையும் அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். வயது 35-க்குக் கீழே, அதனால் 0. இடுப்பு 90-க்கும் 99-க்கும் நடுவில், 10. உடற்பயிற்சியே இல்லை, உட்கார்ந்த வேலை, 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை, 10. அப்பாவுக்கு இருக்கிறதே! மொத்தம் 50. அறுபதைத் தொட்டால் அதிக ஆபத்து.

மாத்திரை எழுதவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து எடை 64, இடுப்பு 87. வெறும் வயிற்று சர்க்கரை 99. பிரஷர் 126/82. ட்ரைகிளிசரைட் 158, எச்.டி.எல். 37 — இவை இரண்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. ஐந்துக்கு ஐந்து எடுத்தவன் இப்போது ஐந்துக்கு இரண்டு. இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் பாஸ்! நூல் இன்னும் இரண்டு செ.மீ. எட்டவில்லை. கழுத்துக் கறுப்பு லேசாக வெளுத்திருந்தது.

அன்று ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "டாக்டர், வீட்ல அம்மாவுக்கும் டேப் வெச்சுப் பார்த்தேன். 96."

"எனக்கென்னடா இப்போ? நான் நல்லாத்தானே இருக்கேன்..." என்றார் அம்மா.

எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் எடுத்ததில் வெறும் வயிற்றில் 148. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது என்று அடுத்த வாரம் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன். 151.

அம்மா பேசாமல் என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் தன் நோட்டைத் திறந்து, 'பெற்றோர்' என்ற இடத்தில் இருந்த 10-ஐ அடித்துவிட்டு 20 என்று எழுதினான். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு எந்த டைம்ல நடந்தா நல்லது டாக்டர்?" என்றான்.